கவரைக் கிழிக்கும்வரை கிளம்பாதீர்கள்

குழந்தைக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்க வருகிறவர்களை நெடுங்காலம் பார்த்திருக்கிறேன். அவர்களில் குழந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் குறைவு. சிலர் சம்பந்தி வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். சிலர் பங்காளி வீட்டில் போன வருடம் என்ன வந்து இறங்கியது என்பதை நினைத்துக்கொண்டு வருவார்கள். போட்டோவில் எப்படி விழும் என்ற கவலையோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். குழந்தை எங்கே, எப்படிப் படுக்கும் என்று நாம் கேட்டால், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டதுபோல நம்மைப் பார்ப்பார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மரத்தின் வகையையும் மெத்தையின் அடர்த்தியையும் கடையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதில் நான் தலையிடவில்லை. வாங்குகிறவர் ஒருவர், படுக்கிறவர் வேறொருவர், அந்தப் படுக்கிறவருக்குப் பேச்சே வராது என்னும்போது விற்கிறவன் யார் பக்கம் நிற்பது என்பதை எந்தக் கடையிலும் சொல்லித்தருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சங்ககிரியில் ஃபர்னிச்சர் கடை மேனேஜராக வருவதற்கு முன்பு சேலத்தில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வேலை பார்த்தேன். யார், எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டுத்தான் செய்தி எடுப்போம். அந்தப் பழக்கம் கடைக்கும் கூடவே வந்துவிட்டது. யார் வாங்குகிறார் என்பதை விட்டுவிட்டு யார் படுக்கப்போகிறார் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது.

நீடித்து உழைக்கிற பொருள் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நம் பக்கத்தில் அதற்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. உபயோகிக்காமல் வைத்திருந்தால் பொருள் நீடிக்கும் என்று நம் மக்கள் மனதார நம்புகிறார்கள். புது லாரியின் டிரைவர் சீட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் கவரைக் கழற்ற மாட்டார்கள். அது டிரைவரின் முதுகு வேர்வையில் ஒட்டி ஒட்டி, நாக்பூர் போய்த் திரும்புவதற்குள் தானாக நைந்து கிழியும். கிழிந்த இடத்துக்கு டேப் ஒட்டுவார்கள். வீட்டில் சோபாவின் கவரைப் பிரிக்காமல் அதன் மேல் உட்கார்ந்து, அசைந்தால் சரசரக்கும் என்பதற்காக அசையாமல் காபி குடிப்பார்கள். ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜுக்குப் பூப்போட்ட உறை, மிக்சிக்குக் குல்லாய். இந்த வீடுகளில் உறை இல்லாமல் இருப்பவர்கள் மனிதர்கள் மட்டும்தான்.

அப்படிப்பட்ட ஒருவராகத்தான் செந்தில் கடைக்குள் வந்தார். சங்ககிரியில் சொந்தமாக லாரிகள் வைத்திருந்தவர். அவருடைய ஒரே தங்கை திவ்யாவைத் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிற ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். திவ்யாவுக்குத் தாய்வீட்டில் வைத்து முதல் பிரசவம் ஆகிப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் மாமியார் வீட்டுக்கு அழைத்துப்போகிற நாளில் பெயர் வைத்து, கட்டிலில் போடுகிற விசேஷம். அதற்குத் தாய்மாமன் சீர் இவருடையது.

"ஏனுங்க மேனேஜர், பொட்டப்புள்ளைக்கு ஒரு ரூம் செட் முழுசா வேணும். ஒருக்கா வாங்குனா அப்பறமேட்டுக்கு வாங்குற சோலியே இருக்கக் கூடாது. அவ கல்யாணத்துக்கு இதையே வண்டியில ஏத்தி அனுப்பற மாதிரி இருக்கோணும்."

"பாப்பாவுக்கு என்ன வயசுங்க?"

"இன்னும் தலையே நிக்கலீங்க."

தலை நிற்காத பெண்ணுக்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்தது ஆளுயரக் கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிள். அடுத்தது மூன்று கதவு பீரோ. கட்டிலிடம் கடைசியாகத்தான் வந்தார். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் கட்டில் காலைத் தன் காலால் உதைத்தார். குனிந்து, லாரியின் சேஸ் சட்டத்தைப் பார்ப்பதுபோல அடியில் பார்த்தார். அவருக்குப் பிடித்த கட்டிலுக்கு நான்கு பக்கமும் மயில் செதுக்கி, மேலே ரோஜா நிற வலைத்துணி தொங்கவிட்டிருந்தது. ஒரு குழந்தையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதில் இடம் யோசித்து வைத்திருந்தார்கள்.

தங்கைக்குக் காட்ட வேண்டும் என்று வீடியோ கால் போட்டார். திரையில் திவ்யாவின் முகமும் தோளில் சாய்ந்திருந்த குழந்தையின் உச்சந்தலையும் தெரிந்தன.

"அண்ணா, சின்னக் கட்டில் ஒண்ணு இருக்கும். அதை என்ற கட்டிலோட ஒட்டிப் போட்டுக்கலாம். தூக்கத்துல கையை நீட்டுனா புள்ளை மேல படோணும். எனக்கு அது போதும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம் அம்மிணி. இதைப் பாரு, கண்ணாடி எப்படி இருக்குது?"

"உன்ற மூஞ்சிதாண்ணா தெரியுது."

"நல்லாத்தானே இருக்குது?"

"கண்ணாடி நல்லாருக்குது."

பக்கத்தில் நின்றிருந்த நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். அன்றைக்குக் கடையில் பேசப்பட்டதில் படுக்கப்போகிறவரைப் பற்றிய பேச்சு அது ஒன்றுதான்.

அவள் கேட்டதுபோலவே ஒன்று எங்களிடம் இருந்தது. தேக்குச் சட்டம், செதுக்கல் கிடையாது. குழந்தை வளர வளர அடிப்பலகையைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். பக்கக் கம்பிகளைக் கழற்றினால் பள்ளிக்கூடம் போகிற வயதிலும் படுக்கலாம். நீடித்து உழைப்பது என்றால் அதுதான். செந்திலிடம் காட்டினேன்.

"என்னுங்க இது, ஆஸ்பத்திரியில போட்டிருக்கற மாதிரி மொட்டையா? அங்க ஆரு இதைத் திரும்பிப் பாப்பாங்க?"

"பாக்கறதுக்கு இல்லீங்க, படுக்கறதுக்கு."

"படுக்கறதுக்குன்னா ஒரு சேலையில தூளி கட்டுனாப் போதுமே. சீருன்னா நாலு பேரு பாக்கோணுமில்ல?"

அதற்கு மேல் அவரிடம் வாதாட ஒன்றும் இல்லை. தூளியே போதும் என்று தெரிந்துகொண்டேதான் அவர் கட்டில் வாங்க வந்திருந்தார்.

அடுத்து மெத்தை. நான் எடுத்துக் காட்டிய கெட்டி மெத்தையை முஷ்டியால் குத்திப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"கல்லாட்டம் இருக்குது. என்ற மருமகளைக் கல்லு மேலயா படுக்க வெப்பேன்? ஒறம்பரை சனமெல்லாம் வந்து கையை வெச்சு அமுக்கிப் பாப்பாங்க. பொசுக்குனு உள்ள போவோணும்."

கழுத்தைத் திருப்பத் தெரியாத குழந்தை பொசுக்கென்று உள்ளே போகிற மெத்தையில் குப்புறப் புரண்டுவிட்டால் மூக்கு அதற்குள் புதையும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, மெத்தென்ற மெத்தையையே இன்னொரு முறை அமுக்கினார்.

எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிற கடைக்காரன் எதிலும் ஜெயிக்க மாட்டான். மயிலை விட்டேன். வலைத்துணியை, எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டிவிடலாம் என்று விட்டேன். டிரெஸ்ஸிங் டேபிளை விட்டேன். மெத்தையை மட்டும் விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"மெத்துனு இருக்கறது சீக்கிரம் குழி விழுந்துருங்க. கல்யாணம் வரைக்கும் தாங்காது. கெட்டியா இருக்கறதுதான் தாங்கும்" என்றேன்.

"அதை மொதல்லயே சொல்லியிருக்கோணுமில்ல?" என்றார் செந்தில். கெட்டி மெத்தை உடனே முடிவாகிவிட்டது. நான் சொன்னது உண்மைதான். ஆனால் குழந்தையின் மூச்சு என்ற காரணம் அசைக்க முடியாத மனிதரை, மெத்தை குழி விழும் என்ற காரணம் அசைத்தது. ஒருவருக்கு எந்தக் காரணம் காதில் விழும் என்பதைக் கண்டுபிடிப்பது நம் வேலையில் பாதி. அந்தப் பாதியைச் செய்யும்போது மனிதர்கள் மேல் உங்களுக்கு மரியாதை கூடும் என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு தலையணைகளை அள்ளினார். நிலா வடிவத்தில், இதய வடிவத்தில், முயல் காதோடு, எல்லாம் ரோஜா நிறத்தில். அத்தனையையும் உள்ளே வைத்தால் குழந்தையை வெளியேதான் வைக்க வேண்டியிருக்கும். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

"கவரை மட்டும் பிரிச்சுராதீங்க. கவரோட இருந்தாத்தான் புதுசுன்னு தெரியும். எங்க பங்காளி ஒருத்தன் பழைய கட்டிலுக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்டான்னு இன்னைக்கும் பேசிட்டிருக்காங்க."

"கவர் வண்டியில போறதுக்குத்தாங்க. புள்ளையைப் படுக்க வெக்கறதுக்கு முன்னாடி பிரிச்சுறோணும்."

"சரி சரி" என்றார். நம் ஊரில் இரண்டு முறை சரி சொன்னால் இல்லை என்று பொருள்.

விசேஷத்தன்று சீர் ஒரு லாரியில் போனது. முகப்பில் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டி, திருச்செங்கோடு எல்லையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். கட்டிலை மாட்டிக்கொடுக்க நானும் கூடப் போனேன். புது வீடு. மாடியில் குழந்தைக்கென்று ஓர் அறைக்கு ரோஜா நிறம் அடித்து, விட்டத்தில் நட்சத்திரம் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆனால் கட்டிலைக் கீழே கூடத்தில்தான் மாட்டச் சொன்னார்கள். மாடி ஏறிப் போய் யார் பார்ப்பார்கள் என்பதுதான் காரணம்.

திவ்யாவின் மாமியார் பட்டுச் சேலை சரசரக்க வந்து மெத்தையைக் கையால் அமுக்கினார்.

"கெட்டியா இருக்குதுங்களே மாப்பிள்ளை?"

"கல்யாணம் வரைக்கும் தாங்கோணுமில்லீங்க அத்தை" என்றார் செந்தில்.

அம்மாள் பிளாஸ்டிக் கவரின் விளிம்பைத் தூக்கிப் பார்த்து, கம்பெனி ஒட்டு பிரிக்காமல் இருப்பதைச் சரிபார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். நான் கவரைப் பிரிக்கக் கை வைத்தபோது இரண்டு குடும்பங்களும் ஒரே குரலில் தடுத்தன. அந்த வீட்டில் அன்று அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். கவர் மேல் ஒரு துணியாவது விரிக்கலாம் என்றேன். "துணி விரிச்சா கவர் மறைஞ்சுருமுங்க" என்றார் அந்த அம்மாள்.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். ஜரிகை வைத்த பட்டுப் பாவாடையில் குழந்தையைச் சுற்றித் திவ்யா எடுத்துவந்தாள். கட்டிலுக்குள் எல்லாத் தலையணைகளும் வந்துவிட்டிருந்தன. தலை உருண்டையாக வர வேண்டும் என்று மாமியார் கொடுத்த கடுகுத் தலையணையும் அவற்றோடு சேர்ந்திருந்தது.

"அத்தை, பிளாஸ்டிக் மேலயா?" என்றாள் திவ்யா.

"ஒரு நிமிசந்தான் கண்ணு. போட்டோ எடுத்துட்டுத் தூக்கிக்கலாம்."

குழந்தையைப் படுக்கவைத்தார்கள். போட்டோக்காரர் முகம் தன் பக்கம் வேண்டும் என்றார். யாரோ தலையைத் திருப்பிவைத்தார்கள். கூடத்தில் கூட்டமும் வெக்கையும். குழந்தையின் கன்னம் வேர்த்துப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் முயல் தலையணை, ஒரு பக்கம் நிலா. மாமியார் தூக்கிப் பார்த்துவிட்டுச் சரியாகச் செருகாமல் விட்ட கவரின் மூலை, ஸ்டாண்டு ஃபேன் காற்றில் எழும்பி எழும்பிக் குழந்தையின் மூக்குவரை வந்து போனது. திவ்யா கையை நீட்டினாள்.

"அம்மிணி, கை படத்துல விழுகுது, எடுத்துக்க" என்று பின்னாலிருந்து ஓர் உறவுக்காரப் பெண்மணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

நான் போய்க் கவரின் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "சார், விலகுங்க" என்றார் போட்டோக்காரர். விலகவில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு யோசித்ததைச் சொல்கிறேன். மூச்சு முட்டும் என்று சொல்லலாம். சுப காரியத்தில் என்ன பேச்சு பேசுகிறாய் என்று என்னை வெளியே தள்ளுவார்கள். அந்தச் சண்டை முடியும்வரை குழந்தை அங்கேயே கிடக்கும். நானே கவரைக் கிழிக்கலாம். கடைக்காரன் கிழித்த சீர் என்று திவ்யா ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். புத்தி சொன்னால் கேட்காத கூட்டம் எதைச் சொன்னால் கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"என்னுங்க இது, மொறையை மறந்துட்டீங்களே!" என்று சத்தமாகச் சொன்னேன். "தாய்மாமன் கவர் கிழிக்காமப் புள்ளையைப் படுக்க வெக்கறதுங்களா? மொதல்ல புள்ளையைத் தூக்குங்க."

முதலில் கேட்டுச் செய்தவள் திவ்யாதான். சொல்லி முடிப்பதற்குள் குழந்தை அவள் தோளில் இருந்தது.

"அதென்ன மொறைங்க?" என்றார் செந்தில்.

"மாமன் தன் கையால எல்லாரு முன்னாடியும் கவரைக் கிழிச்சு, மெத்தையைத் தட்டிக் குடுக்கோணுங்க. புதுசுன்னு ஊரே பாத்த மாதிரியும் ஆச்சு. அதுக்கப்புறந்தான் புள்ளை."

எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள். முறை ஒன்று தனக்குத் தெரியாது என்று சபையில் ஒத்துக்கொள்கிற பெண்மணியாக அவர் எனக்குப் படவில்லை. என் கணக்கு தப்பவில்லை.

"ஆமாமா. எனக்கு அப்பவே ஞாபகம் வந்துச்சு. நேரம் போகுதேன்னு சொல்லாம உட்டுட்டேன்" என்றார் அவர்.

"எங்க பெரியப்பன் ஊட்டுலகூட இப்படித்தான் கிழிச்சாங்க" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அண்ணா, மெதுவா கிழிங்க, ஸ்லோ மோஷன்ல போட்டுக்கலாம்" என்றார் போட்டோக்காரர்.

பிளாஸ்டிக் லேசில் கிழியவில்லை. செந்தில் இழுத்துப் பார்த்தார், லாரிச் சாவியால் குத்திப் பார்த்தார், கடைசியில் பட்டுச் சட்டையோடு மண்டியிட்டுப் பல்லால் கடித்து இழுத்தார். கிழிந்தபோது கூடமே கைதட்டியது. வாங்கியது முதல் அந்த மெத்தையால் அவர் உண்மையாகச் சந்தோஷப்பட்டது அந்த நொடியில்தான் இருக்க வேண்டும்.

கூட்டம் கையில் இருந்ததால் மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

"தலகாணியெல்லாம் அப்பத்தா மடியிலதாங்க சேரோணும்."

நிலா, இதயம், முயல், கடுகு எல்லாம் மாமியாரின் மடிக்குப் போயின. தாடைவரை ரோஜா நிறத் தலையணைகளை அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் பெருமையாகப் போட்டோவுக்கு நின்றார். காலியான கட்டிலில் திவ்யா ஒரு பழைய பருத்தித் துணியை இழுத்து விரித்து, நான்கு ஓரமும் மெத்தைக்கு அடியில் செருகி, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தாள். குழந்தை கையைக் காலை உதறிவிட்டுத் தூங்கிப்போனது.

நான் கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க, இப்படி ஒரு மொறை நெசமாவே இருக்குதுங்களா?"

"இப்ப இருக்குதுங்க அம்மிணி."

கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படின்னா இன்னொரு மொறையும் சொல்லிட்டுப் போங்க. இந்தக் கட்டிலு மாடிக்குப் போகக் கூடாது. அம்மா கட்டிலோட ஒட்டித்தான் இருக்கோணும்."

பையைக் கீழே வைத்துவிட்டு மாமியாரிடம் போனேன். பிள்ளை எழுந்து நடக்கிறவரைக்கும் சீர்க் கட்டில் தாயின் கட்டிலைத் தொட்டபடிதான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். இந்தத் தடவை அவர் யோசிக்கக்கூட இல்லை. "தெரியுமே, அதுக்குத்தான் அவ ரூமைக் கூட்டி வெச்சிருக்கேன்" என்றார். திவ்யா குழந்தையைத் தூக்கிக்கொள்ள, அப்போதே மாமியாருடைய ஆட்களை விட்டுக் கட்டிலைத் திவ்யாவின் அறைக்கு நகர்த்தி, ஒரு பக்க மயிலைத் திருகோடு கழற்றி எடுத்துவிட்டு, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்துகூட இல்லாமல் இறுக்கிப் பிணைத்தேன். குழந்தையை மறுபடி மல்லாக்கப் போட்டுவிட்டு, திவ்யா தன் கட்டிலில் படுத்துப் பார்த்துக் கையை நீட்டினாள். எட்டியது.

பீரோவும் டிரெஸ்ஸிங் டேபிளும் மாடியில் ரோஜா நிற அறைக்குப் போயின. கவரோடு கதவைச் சாத்திவிட்டார்கள். அவை நிச்சயம் நீடிக்கும்.

இதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டு நீங்களும் முறை முறையாக உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் குழந்தையைத் தூக்காத கூட்டம், இல்லாத சடங்கைச் சொன்னால் தூக்குகிறது என்பது சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை. முதலில் உண்மையைச் சொல்லுங்கள். கடையிலேயே சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். குழந்தையின் மூக்குக்கு மேல் பிளாஸ்டிக் எழும்பும்போது மட்டும் உங்கள் நேர்மையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு எடப்பாடியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு யாரையும் அதிகம் பழக்கமில்லை. ஒரு மாமன் மேடையேறி மெத்தைக் கவரைக் கிழித்தார், மேளம் கொட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் எனக்கு விளக்கிச் சொன்னார்.

"எங்களுக்குள்ள இது முக்கியமான மொறைங்க. எங்க பாட்டன் காலத்துல இருந்து வருது."

அவருடைய பாட்டன் காலத்தில் பிளாஸ்டிக் ஏதுங்க என்று வாயெடுத்தேன். குழந்தையை வெறும் பருத்தித் துணியில் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தலையணை இல்லை. "அப்படிங்களா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அண்மையில் நம் கடைப்பக்கம் வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். கிழிப்பதற்கென்றே தனியாக ஒரு கவர் வந்திருக்கிறது. ரோஜா நிறம், ஓரத்தில் ரிப்பன், நடுவில் ஜிகினாவில் 'தாய்மாமன் சீர்'. விற்கிறவர்கள் நீங்கள்தான். விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்த ஓர் அம்மாள் கூட வந்தவரிடம் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

"எத்தனை லட்சணமா இருக்குது. இதைப் போயி ஆராவது கிழிப்பாங்களா?"

அதனால்தான் சொல்கிறேன். கட்டிலை மாட்டி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். காபி கொடுத்தால் குடியுங்கள். கொடுக்காவிட்டால் சுவரோரம் சும்மா நில்லுங்கள். கவர் கிழிந்து, துணி விரித்து, குழந்தையை மல்லாக்கப் போடுகிறவரை நின்று பாருங்கள். வாசலில் டெலிவரி வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.